செர்பியமும் குரோஷியமும்: ஒரு மொழியா, இரு மொழியா?

போஸ்னியா நாட்டில் விற்கப்பட்ட ஒரு சிகரெட்டுப் பெட்டி நம் கையில் கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது சிகரெட்டு அன்று. பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் எச்சரிக்கைதான். பல நாடுகளில் ஒரு முறை அச்சிடப்படும் எச்சரிக்கை அங்கே மூன்று முறை அச்சிடப்பட்டிருக்கும். முதல் வரியைப் படித்தால் 'புஷேன்யே உபியா' என்று வரும். 'புகைத்தல் கொல்லும்' என்பது அதன் பொருள். இரண்டாம் வரியும் 'புஷேன்யே உபியா' தான். எழுத்துக்கு எழுத்து முதல் வரியே. மூன்றாம் வரி மட்டும் வேறு எழுத்தில், ரஷ்ய எழுத்தைப் போன்ற சிரில்லிக் எழுத்தில் இருக்கும். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவரை உரக்கப் படிக்கச் சொன்னால், அவரும் 'புஷேன்யே உபியா' என்றுதான் படிப்பார்!

ஒரே செய்தியை மூன்று முறை ஏன் அச்சிட வேண்டும்? அந்நாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட மொழிகள் மூன்று: போஸ்னியம், குரோஷியம், செர்பியம். ஆகவே மொழிக்கு ஒரு வரி. இவை மூன்று மொழிகள்தாமா? அல்லது ஒரே மொழிக்கு மூன்று பெயர்களா? இக்கேள்விக்கு விடை காண, இவற்றுள் நெடுங்காலமாக வழக்காடி வரும் செர்பியத்தையும் குரோஷியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இடமும் இனமும்

ஐரோப்பாவின் தென்கிழக்கில் உள்ளது பால்கன் தீபகற்பம். அதன் மேற்கே அட்ரியாட்டிக் கடலோரமாக நீண்டு கிடப்பது குரோஷியா, தலைநகர் சாக்ரெப். கிழக்கே டான்யூப் ஆறு பாயும் உள்நாட்டுப் பகுதி செர்பியா, தலைநகர் பெல்கிரேடு. இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பது போஸ்னியா. 1918ஆம் ஆண்டு முதல், இரண்டாம் உலகப் போர்க்காலம் நீங்கலாக, 1991 வரை இவை யாவும் யூகோஸ்லாவியா என்னும் ஒரே நாட்டின் பகுதிகளாக இருந்தன. யூகோஸ்லாவியா என்ற சொல்லுக்கே 'தென் சிலாவியர் நாடு' என்பதுதான் பொருள்.

ரஷ்யம், போலிஷ், செக் ஆகியவை போலச் செர்பியமும் குரோஷியமும் சிலாவிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தின் தெற்குக் கிளையில் முளைத்தவை. இதில் கருத்து வேறுபாடு யாருக்கும் இல்லை.

ஒரு வாக்கியத்தில் ஒரு பாடம்

'அம்மா ரொட்டியும் பாலும் வாங்குகிறாள்' என்ற எளிய வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். குரோஷியர் ஒருவர் இதை இப்படிச் சொல்வார்:

மாய்க்கா குப்புயே க்ரூஹ் இ ம்லியேக்கோ.

பெல்கிரேடு நகரத்துச் செர்பியர் இப்படிச் சொல்வார்:

மாய்க்கா குப்புயே ஹ்லேப் இ ம்லேக்கோ.

'மாய்க்கா' என்றால் அம்மா. 'குப்புயே' என்றால் வாங்குகிறாள். 'இ' என்பது நம்முடைய 'உம்' போன்ற இணைப்புச் சொல். இம்மூன்றும் இரண்டிலும் ஒன்றே. சொற்களின் வரிசையும் ஒன்றே. ரொட்டிக்கு மட்டும் இருவரிடமும் வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. பாலுக்கோ சொல் ஒன்றுதான். நடுவில் உள்ள உயிரொலிதான் மாறியிருக்கிறது.

இந்தச் சிறு வாக்கியம் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறது எனலாம். இலக்கணத்தின் எலும்புக்கூடு ஒன்று. சொற்களில் பெரும்பாலானவை பொது. சில சொற்கள் அடியோடு வேறு. சில சொற்கள் ஒலிப்பில் மட்டும் வேறு. ஒவ்வொன்றாகக் காண்போம்.

பால் எப்படி மூன்று ஆயிற்று?

பழைய சிலாவிய மொழியில் ஓர் உயிரொலி இருந்தது. மொழியியலார் அதனை 'யாட்' என்று குறிப்பிடுவர். காலப்போக்கில் அவ்வொலி மறைந்தது. ஆனால் எல்லா ஊர்களிலும் அது ஒரே விதமாக மாறவில்லை. சில வட்டாரங்களில் 'யே' அல்லது 'இயே' ஆயிற்று. சில வட்டாரங்களில் 'ஏ' ஆயிற்று. வேறு சிலவற்றில் 'ஈ' ஆயிற்று. எனவே பால் என்பது ஓரிடத்தில் 'ம்லியேக்கோ', ஓரிடத்தில் 'ம்லேக்கோ', டால்மேஷியக் கடற்கரையில் பல ஊர்களில் 'ம்லீக்கோ'.

ஆற்றைக் குறிக்கும் சொல்லும் இவ்வாறே. செர்பியாவில் அது 'ரேக்கா', குரோஷியத்தில் 'ரியேக்கா'. வரைபடத்தில் குரோஷியக் கடற்கரையைப் பாருங்கள். ரியேக்கா என்றே ஒரு துறைமுக நகரம் உண்டு. ஆறு என்பதே அந்நகரின் பெயர்.

அப்படியானால் 'இயே' என்பவர் குரோஷியர், 'ஏ' என்பவர் செர்பியர் என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. போஸ்னியாவிலும் குரோஷியாவிலும் வாழும் செர்பியர் தம் அண்டை வீட்டாரைப் போல 'இயே' என்றுதான் பேசி வந்துள்ளனர். மாண்டினீக்ரோ நாட்டவரும் அப்படியே. ஒலியின் எல்லை ஊர்களை ஒட்டிச் செல்கிறதே ஒழிய, இனத்தை ஒட்டிச் செல்லவில்லை.

'என்ன?' என்ற கேள்வி

இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. இப்பகுதியின் கிளைமொழிகளை மொழியியலார் 'என்ன?' என்று கேட்கும் சொல்லைக் கொண்டு பிரிக்கின்றனர். 'ஷ்டோ' என்று கேட்பவரின் மொழி ஷ்டொகாவியம். சாக்ரெப் நகரையும் அதன் வடக்குப் பகுதியையும் சேர்ந்தவர் 'காய்' என்று கேட்பர், அது காய்காவியம். இஸ்திரியாவிலும் அட்ரியாட்டிக் தீவுகளிலும் 'சா' என்று கேட்பர், அது சாகாவியம். இம்மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியதன்று. ஒலி, சொல், இலக்கணம் ஆகிய அனைத்திலும் அது தெரியும்.

குரோஷியர் இம்மூன்றையும் பேசுகின்றனர். செர்பியர் பேசுவது பெரும்பாலும் ஷ்டொகாவியம். ஆனால் பள்ளியிலும் செய்தித்தாளிலும் வழங்கும் குரோஷியத் தரமொழி எதன்மேல் எழுந்தது தெரியுமா? ஷ்டொகாவியத்தின்மேல்தான். செர்பியத் தரமொழியும் அதன்மேல்தான் எழுந்தது. ஆகவே, சாக்ரெப் பக்கத்துக் கிராமத்து முதியவர் ஒருவர் வீட்டில் பேசும் காய்காவியத்துக்கும் அவர் பேரன் பள்ளியில் படிக்கும் குரோஷியத்துக்கும் உள்ள தொலைவு, அந்தக் குரோஷியத்துக்கும் பெல்கிரேடு செய்தித்தாளின் செர்பியத்துக்கும் உள்ள தொலைவைவிட அதிகம்!

இரண்டு எழுத்து, ஒரே ஒலி

எழுத்தில் உள்ள வேறுபாடு கண்ணுக்கு உடனே தெரியும். குரோஷியம் இன்று இலத்தீன் எழுத்தில் மட்டுமே எழுதப்படுகிறது. செர்பியத்துக்குச் சிரில்லிக், இலத்தீன் என்னும் இரண்டும் உண்டு. 2006ஆம் ஆண்டின் செர்பிய அரசியல் சட்டம் சிரில்லிக்கை அலுவல் எழுத்தாக வைத்துள்ளது. கடைப் பலகைகளிலும் இதழ்களிலும் இலத்தீன் எழுத்தும் தாராளமாகப் புழங்குகிறது.

இவ்விரு எழுத்து முறைகளையும் ஒழுங்கு செய்தவர்கள் இருவர். செர்பியரான வூக் கராஜிச் 1814இல் ஓர் இலக்கணமும் 1818இல் ஓர் அகராதியும் வெளியிட்டார். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்பது அவர் கொள்கை. தேவையற்ற பழைய எழுத்துகளைத் தள்ளி முப்பது எழுத்துகளை நிறுத்தினார். திருச்சபையினர் கடுமையாக எதிர்த்தனர். அவர் 1864இல் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்தே அச்சீர்திருத்தம் செர்பியாவில் முழுமையாக ஏற்கப்பட்டது. குரோஷியரான லியுதெவித் காய் 1830இல் இலத்தீன் எழுத்துக்கு இதே போன்றதொரு சீர்திருத்தத்தை முன்வைத்தார். அதன் வழியில் அமைந்த இன்றைய இலத்தீன் நெடுங்கணக்கிலும் முப்பது எழுத்துகளே. ஒன்றில் உள்ள எழுத்துக்கு நேராக மற்றதில் ஓர் எழுத்து உண்டு. எனவே ஒரு பக்கத்தை ஓர் எழுத்திலிருந்து மற்றதற்கு மாற்றுவது மொழிபெயர்ப்பு ஆகாது, எழுத்துப் பெயர்ப்புதான்.

அயல்நாட்டுப் பெயர்களை எழுதுவதில் ஒரு சுவையான வேற்றுமை உண்டு. குரோஷியர் ஷேக்ஸ்பியர் பெயரை ஆங்கிலேயர் எழுதும் அதே எழுத்துகளில் எழுதுவர். செர்பியரோ, நாம் தமிழில் செய்வது போல, காதில் விழும் ஒலியைக் கொண்டு 'ஷெக்ஸ்பிர்' என்று எழுதுவர்.

சொற்கள் ஏன் பிரிந்தன?

ரயிலுக்குக் குரோஷியத்தில் 'வ்லாக்', செர்பியத்தில் 'வோஸ்'. ஆயிரம் என்பதற்கு அங்கே 'திசுச்சா', இங்கே 'ஹில்யாதா'. நாடக அரங்குக்கு அங்கே 'கசாலிஷ்டே', இங்கே 'போசோரிஷ்டே'. செர்பியர் 'ஃபுத்பால்' ஆடும்போது குரோஷியர் 'நோகொமெத்' ஆடுகின்றனர். 'நோகா' என்றால் கால்.

மாதப் பெயர்களைப் பாருங்கள். செர்பியர் யானுவார், ஃபெப்ருவார் என்று இலத்தீன் வழிப் பெயர்களை வழங்குகின்றனர். குரோஷியர் பழைய சிலாவியப் பெயர்களைக் காத்து வைத்துள்ளனர். ஜூலை அவர்களுக்கு 'ஸ்ர்பான்'. 'ஸ்ர்ப்' என்றால் அரிவாள், அதாவது அறுவடைக் காலம். அக்டோபர் 'லிஸ்தோபாத்', அதற்கு இலை உதிர்வு என்று பொருள்.

அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு இன்னும் சில. செர்பியருக்கு வேதியியல் 'ஹேமியா', குரோஷியருக்கு 'கேமியா'. ஹைட்ரஜன் செர்பியத்தில் 'வோதோனிக்', குரோஷியத்தில் 'வோதிக்'. இரண்டும் 'வோதா' என்ற பொதுச் சொல்லிலிருந்து பிறந்தவை. வோதா என்றால் நீர். நாம் நீரகம் என்று கலைச்சொல் ஆக்கியதும் இதே கருத்தில்தான் அல்லவா? ஆக்சிஜன் 'கிசெயோனிக்', 'கிசிக்'. இரண்டும் புளிப்பு என்ற சொல்லடியாகப் பிறந்தவை. ஆனால் நைட்ரஜனில் வழி பிரிகிறது. செர்பியர் பிரெஞ்சுச் சொல்லைத் தழுவி 'அஸோட்' என்கின்றனர். குரோஷியர் மூச்சுத் திணறலைக் குறிக்கும் சிலாவிய வேரிலிருந்து வந்த 'தூஷிக்' என்ற சொல்லை வழங்குகின்றனர்.

இப்பிரிவுக்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. குரோஷியர் கத்தோலிக்கர், நெடுங்காலம் ஹாப்ஸ்பர்க் பேரரசின்கீழ் வாழ்ந்தவர்கள். ஜெர்மனும் ஹங்கேரியமும் தம் மொழியை விழுங்கிவிடுமோ என்று அஞ்சிய அவர்கள், அயற்சொல்லுக்கு மாற்றாகச் சொந்தச் சொல் ஆக்குவதில் ஊக்கம் காட்டினர். போகோஸ்லாவ் ஷூலெக் என்பவர் 1874-75இல் அறிவியல் கலைச்சொல் அகராதி ஒன்றை வெளியிட்டார். செக் மொழியிலிருந்தும் பல சொற்களை எடுத்துக்கொண்டார். செர்பியர் கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் திருச்சபை மொழியிலிருந்தும் ரஷ்யத்திலிருந்தும் சொற்களை ஏற்றனர். பன்னாட்டுச் சொற்களை அப்படியே வழங்கவும் தயங்கவில்லை.

இரு சாராருக்கும் பொதுவான அயற்சொற்களும் உண்டு. துருக்கியர் ஆட்சியின் அடையாளம் அவை. சர்க்கரை இருவருக்கும் 'ஷெச்செர்' தான். துருக்கியிலிருந்து வந்த இச்சொல், பாரசீகத்தின் வழியே, வடமொழியின் 'சர்க்கரா' வரை செல்கிறது. நம் சர்க்கரையும் அந்த வழி வந்ததே!

இலக்கணத்தில் ஒரு கோடு

இரண்டிலும் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை ஏழு. விளி வேற்றுமையும் அவற்றுள் ஒன்று. பால் மூன்று. சொல்லின் மீது குரல் ஏறுவதும் இறங்குவதுமான நான்கு வகை அழுத்தங்கள் இரு தரமொழிகளுக்கும் பொது.

குறிப்பிடத்தக்க வேற்றுமை ஒன்று உண்டு. 'நான் உழைக்க வேண்டும்' என்பதைக் குரோஷியர் 'மோராம் ராதித்தி' என்பர். 'ராதித்தி' என்பது நம் 'உழைக்க' போன்ற எச்சவடிவம். செர்பியர் 'மோராம் தா ராதிம்' என்பதையே மிகுதியும் விரும்புவர். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'வேண்டும், நான் உழைக்கிறேன் என்பது' என்று வரும். அண்டை மொழிகளான பல்கேரியத்திலும் கிரேக்கத்திலும் இதே போக்கு இருக்கிறது. இதிலும் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல் போவதில்லை.

போருக்குப் பின், 'ரானே' என்ற செர்பியத் திரைப்படம் குரோஷியாவில் அடியில் குரோஷிய எழுத்துவரிகளுடன் திரையிடப்பட்டது. கேட்டதையே மறுபடியும் படிக்க நேர்ந்த மக்கள் சிரித்தனர்.

பெயரின் கதை

1850இல் வியன்னா நகரில் செர்பிய, குரோஷிய அறிஞர்கள் சிலர் கூடி, பொதுவான எழுத்துமொழி வேண்டும் என்று ஓர் உடன்படிக்கை செய்தனர். அதில் எல்லாம் இருந்தன. அம்மொழிக்குப் பெயர் மட்டும் இல்லை. 1954இல் நோவிசாத் நகரில் இன்னோர் உடன்படிக்கை உண்டாயிற்று. மொழி ஒன்று, எழுத்து இரண்டு, ஒலிப்பு இரண்டு, யாவும் சமம். பெயரில் செர்பியம், குரோஷியம் என்னும் இரண்டும் இடம்பெற வேண்டும் என்றது அது.

ஆனால் ஏட்டில் இருந்த சமம் நடைமுறையில் இல்லை என்று குரோஷியர் பலர் குறைப்பட்டனர். மைய அரசிலும் படையிலும் செர்பிய வழக்கே ஓங்குகிறது என்றனர். 1967இல் குரோஷிய அமைப்புகள் பல சேர்ந்து, தம் மொழியின் பெயரையும் நிலையையும் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டன. அவர்கள் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. குரோஷிய இலக்கியத்தின் தந்தை எனப்படும் மார்க்கோ மாருலிச் சாகாவியத்தில் எழுதிய 'யூதித்தா' 1521இலேயே அச்சேறிவிட்டது. அந்த மரபையும் உள்ளடக்கிய மொழியை வேறு பெயரால் அழைப்பது முறையா என்பது அவர்கள் கேள்வி.

தூய்மை வேட்கை வெறியாக மாறிய காலமும் உண்டு. 1941இல் நாஜிகளின் துணையோடு சாக்ரெப்பில் அமைந்த ஆட்சி சிரில்லிக் எழுத்தைத் தடை செய்தது. தொலைபேசியைக் குறிக்கும் பன்னாட்டுச் சொல்லை விலக்கி 'பிர்சோக்லாஸ்', அதாவது விரைகுரல், என்று சொல்லச் சொன்னது. சொல்லோடு நிற்கவில்லை அவ்வாட்சி. செர்பியரையும் யூதரையும் ரோமா மக்களையும் பெருந்திரளாகக் கொன்றது.

1991இல் யூகோஸ்லாவியா உடைந்தது. போரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாடு உடைந்ததும் மொழியின் பெயரும் உடைந்தது. செர்பியம், குரோஷியம் என்பவற்றோடு போஸ்னியமும் தனிப் பெயர் பெற்றது. 2007இல் மாண்டினீக்ரியமும் சேர்ந்தது. 2013இல் குரோஷியம் ஐரோப்பிய ஒன்றியத்தின் 24ஆம் அலுவல் மொழியாயிற்று. ஆனால் போர்க்குற்றங்களை விசாரிக்க 1993 முதல் 2017 வரை ஹேக் நகரில் இயங்கிய நீதிமன்றமோ, மூன்று பெயர்களின் முதலெழுத்துகளையும் சேர்த்து ஒரே மொழியாகக் கொண்டு மொழிபெயர்ப்பு வேலையை நடத்தியது.

அளவுகோலும் பெயரும்

அறிவியல் என்ன சொல்கிறது? ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிகிறதா என்பது மொழியியலாரின் ஓர் அளவுகோல். அதன்படி பார்த்தால் இத்தரமொழிகள் ஒரே மொழியின் வடிவங்கள். ஜெர்மன் ஒன்றே எனினும் ஜெர்மனிக்கு ஒரு தரம், ஆஸ்திரியாவுக்கு ஒரு தரம் இருப்பது போல, இதுவும் பல மையங்களைக் கொண்ட மொழி. 2017இல் நான்கு நாடுகளையும் சேர்ந்த அறிஞரும் எழுத்தாளரும் வெளியிட்ட பொதுமொழி அறிக்கை இதைத்தான் சொன்னது. ஒவ்வொருவரும் தம் மொழியைத் தாம் விரும்பும் பெயரால் அழைக்கும் உரிமையையும் அது ஏற்றது.

மற்றோர் அளவுகோலும் உண்டு. தனக்கென இலக்கண நூலும் அகராதியும் பள்ளியும் சட்டமும் உடையது தனிமொழி என்பர் சிலர். நம் நாட்டில் இந்தியும் உருதுவும் அடிப்படையில் ஒன்றாயினும், எழுத்தாலும் கலைச்சொற்களாலும் பிரிந்து இரு மொழிகளாக நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே இரண்டு வினாக்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'எவ்வளவு வேறுபாடு?' என்பது அளந்து சொல்லக்கூடியது. 'என்ன பெயர்?' என்பது மக்கள் முடிவு செய்வது. பெயர் இரண்டு என்பதால் வேறுபாடு பெரிது என்று ஆகிவிடாது. வேறுபாடு சிறிது என்பதால் ஒருவர் பெயரை மற்றவர் பறித்துவிடவும் கூடாது.

இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. 1991இல் முற்றுகையிடப்பட்டுச் சிதைந்த நகரம் குரோஷியாவின் வூகோவார். சிறுபான்மையினர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அவர்கள் எழுத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்ற சட்டப்படி, 2013இல் அங்கே அரசு அலுவலகங்களில் சிரில்லிக் எழுத்தும் கொண்ட பலகைகள் மாட்டப்பட்டன. முற்றுகையின் காயம் ஆறாத மக்கள் சிலர் அவற்றைச் சுத்தியால் அடித்து உடைத்தனர்.

போஸ்னியாவின் சில ஊர்களில் இன்னொரு காட்சி. ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளிகள். குரோஷியப் பிள்ளைகள் ஒரு வாசல் வழியாகவும் போஸ்னிய முஸ்லிம் பிள்ளைகள் மற்றொரு வாசல் வழியாகவும், அல்லது வெவ்வேறு வேளைகளிலும், வந்து போகின்றனர். தத்தம் மொழியில் படிக்கும் உரிமை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று.

யாய்த்சே என்ற சிறு நகரிலும் 2016இல் அப்படிப் பிரிக்கத் திட்டமிட்டனர். அதுவரை ஒன்றாகப் படித்து வந்த உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கினர். இரு சாராரும் கைகோத்து நின்றனர். 2017இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டு அம்மாணவர்களுக்கு மாக்ஸ் வான் டர் ஸ்டூல் விருது என்னும் பன்னாட்டு விருது அளிக்கப்பட்டது.

1943 நவம்பரில் புதிய கூட்டாட்சி யூகோஸ்லாவியா அறிவிக்கப்பட்டதும் அதே யாய்த்சேயில்தான். அந்த நாடு இன்று இல்லை. அங்குள்ள பிள்ளைகள் தம் மொழியை வெவ்வேறு பெயர்களால்தான் அழைக்கின்றனர். ஆனால் ஒரே வகுப்பறையில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படவில்லை.